தங்கைக்குச் சொன்ன பட்டியல்: பிறக்கும் குழந்தைக்கு எது வேண்டும், எது வேண்டாம்

சித்தி மகளுக்கு இது எட்டாம் மாதம். வளைகாப்பு முடிந்து திண்டுக்கல்லில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். போன வாரம் வாட்ஸ்அப்பில் நீளமாக ஒரு பட்டியல் அனுப்பி, "அக்கா, இதுல எது வேணும், எது வேணாம்னு பாத்துச் சொல்லுங்க. அவரு இன்னைக்கே ஆர்டர் போட்டுடுறேன்னு நிக்கிறாரு" என்று கேட்டிருந்தாள். பால்புட்டி செட், அதைக் கிருமி நீக்கம் செய்ய ஒரு ஸ்டெரிலைசர், பாலைச் சூடாக்க ஒரு வார்மர், கடுகுத் தலையணை, தானாக ஆடும் எலெக்ட்ரிக் தொட்டில், ஸ்ட்ரோலர், வாக்கர், பவுடர் லோஷன் அடுக்கிய பரிசுப் பெட்டி... கூட்டிப் பார்த்தால் மாப்பிள்ளையின் ஒரு மாதச் சம்பளம் அப்படியே போய்விடும்.

சித்தியோ, "பிள்ள பொறக்காம ஒத்தத் துணி வாங்கக் கூடாது" என்று ஒரே பிடியாக இருக்கிறார். இந்த விஷயத்தில் நான் சித்தி பக்கம். வழக்கம் எதனால் வந்ததோ, அதில் ஒரு நல்ல பலன் இருக்கிறது. குழந்தை எத்தனை கிலோவில் பிறக்கும், தாய்க்குப் பால் எப்படி ஊறும், வீட்டில் உதவிக்கு யார் இருப்பார்கள், இதெல்லாம் தெரிந்த பிறகு வாங்கினால் வீண் குறையும். அந்தக் காலம் மாதிரி கடைக்குப் போக ஆள் தேட வேண்டியதும் இல்லை. தேவைப்பட்ட அன்றைக்குச் சொன்னால் மறுநாள் வாசலுக்கு வந்துவிடுகிறது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் பை மட்டும் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், துவைத்து வெயிலில் காயவைத்த மெல்லிய பருத்தித் துணிகள், ஒரு துண்டு, அம்மாவுக்கு முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி, பிரசவத்துக்குப் பின் வைக்கும் பெரிய பேட். அது போதும்.

அவளுக்கு ஃபோனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். முதல் மூன்று மாதத்தில் குழந்தைக்கு வேண்டியவை பால், கதகதப்பு, ஈரம் இல்லாத துணி, சமமான படுக்கை, கொசு கடிக்காமல் ஒரு வலை, நாள் தவறாமல் தடுப்பூசி. இதில் பாலும் கதகதப்பும் அம்மாவிடம் இருக்கின்றன. அட்டவணைத் தடுப்பூசிகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கடையில் வாங்க மிஞ்சுவது கொஞ்சம்தான்.

அந்தக் கொஞ்சம் எது என்று தெரிந்துகொள்ள நம் ஊரிலேயே ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. 2015இல் தமிழக அரசு, அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கென்று ஒரு பரிசுப் பெட்டகம் கொடுக்கத் தொடங்கியது. அதில் பதினாறு பொருட்கள், மதிப்பு சுமார் 1,000 ரூபாய். குழந்தைக்குத் துண்டு, சட்டை, சின்ன மெத்தை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், சோப்பு, ஷாம்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, ஒரு பொம்மை என்று வைத்தார்கள். தாய்க்குக் குளிக்கும் சோப்பு, கைகழுவும் திரவம், சௌபாக்ய சுண்டி லேகியம். பால்புட்டி அதில் கிடையாது, பவுடர் டப்பாவும் கிடையாது. அந்தப் பட்டியலைப் போட்டவர்களை நான் மனதார மதிக்கிறேன். குழந்தைக்கான பெட்டியில் தாயையும் நினைத்திருக்கிறார்கள். கைகழுவும் திரவத்தை உள்ளே வைத்தவருக்கு, பச்சைக் குழந்தைக்கு நோய் எப்படி வருகிறது என்று தெரிந்திருக்கிறது.

இப்படியொரு பெட்டிக்கு முன்னோடி ஃபின்லாந்து. 1938இல் ஏழைத் தாய்மாருக்காக அங்கே ஆரம்பித்தார்கள். 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் என்று ஆக்கினார்கள். கர்ப்பத்தின் நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவப் பரிசோதனைக்கு வந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. துணிமணி வைத்த அட்டைப்பெட்டியின் அடியில் மெத்தை இருக்கும். பல குழந்தைகளின் முதல் படுக்கையே அந்தப் பெட்டிதான். பணக்கார நாடு ஒன்று தன் குழந்தைகளுக்குப் போதும் என்று நினைத்தது ஓர் அட்டைப்பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது.

துணி விஷயம் சுருக்கமாக. முதல் சட்டையாகப் புதுசு போடாமல், நன்றாக வளர்ந்த வேறு ஒரு பிள்ளையின் பழைய சட்டையை வாங்கிப் போடுவது பல வீடுகளில் வழக்கம். அருமையான வழக்கம் அது. பல முறை துவைத்த பருத்தி மாதிரி மெத்தென்று எதுவும் இருக்காது. புதுத்துணியில் இருக்கும் கஞ்சியும் சாயமும் அதில் போயிருக்கும். வாங்குவதென்றால் முன்பக்கம் முடிச்சுப் போடும் ஜபலா ஏழெட்டு வாங்கலாம். தலைவழியாக மாட்டுவது வேண்டாம். கழுத்து நிற்காத குழந்தைக்கு அதை மாட்டிக் கழற்றுவதற்குள் இருவருக்கும் அழுகை வந்துவிடும். திருப்பூர்ப் பக்கம் யாராவது இருந்தால் காதர்பேட்டையில் நல்ல பின்னலாடை மலிவாகக் கிடைக்கும். ஜரிகை, வலை, கல் வைத்த கவுன்கள் ஃபோட்டோவுக்கு அழகு, தோலுக்கு எரிச்சல்.

டயப்பரா துணியா என்று கேட்டால், இரண்டும்தான். பகலில் துணி, இரவிலும் வெளியூர்ப் பயணத்திலும் டயப்பர். பகலில் துணி என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் காசு மட்டுமில்லை. முதல் வாரங்களில் எல்லாத் தாய்க்கும் இருக்கும் ஒரே கவலை, பால் போதுகிறதா என்பது. "பால் பத்தலையோ, பிள்ள அழுதுக்கிட்டே இருக்கே" என்று பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். பிறந்து ஐந்தாறு நாளைக்குப் பின் ஒரு நாளைக்கு ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழித்து, எடையும் சீராக ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம். துணி கட்டினால் நனைவது கண்ணுக்குத் தெரியும், எண்ணிவிடலாம். டயப்பர் ஈரத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்வதால் எத்தனை முறை போனது என்றே தெரியாது. தாத்தாவின் பழைய வேட்டி ஒன்றைச் சதுரமாகக் கிழித்து ஓரம் அடித்தால் இரண்டு டஜன் துணி கிடைக்கும். அடியில் விரிக்க ஒரு ரப்பர் ஷீட். மழைக்காலத்தில் பிறக்கிற குழந்தை என்றால் துணி காயாது. அப்போது டயப்பரைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், அதில் குற்ற உணர்ச்சி தேவையில்லை. முழு இரவும் ஒரே டயப்பர் என்று விட்டுவிடாமல் மலம் போனால் உடனே மாற்றி, தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, காற்றாட விட்டால் பெரும்பாலும் புண் வராது. கழற்றிய டயப்பரைக் காகிதத்தில் நன்றாகச் சுற்றித் தனியாகக் கொடுங்கள். திடக்கழிவு விதிகளும் அப்படித்தான் சொல்கின்றன. அதைவிட முக்கியம், நம் குப்பையை வெறும் கையால் பிரிக்கிற ஒரு பெண் இருக்கிறார்.

அடுத்தது படுக்கை. தங்கையின் பட்டியலில் நான் பதறிய இடம் இதுதான். கடுகுத் தலையணை தலையை உருண்டையாக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். ஒரு வயதுவரை குழந்தைக்கு எந்தத் தலையணையும் வேண்டாம். கொசுவலையோடு வரும் மெத்தை செட்டில் ஒரு தலையணையும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உருளைகளும் இருக்கும். வலையையும் மெத்தையையும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். மெத்தென்ற பொருள் எதுவும் மூக்கில் அழுந்தினால் தலையைத் திருப்பிக்கொள்ளும் பலம் அந்த வயதில் இல்லை. மல்லாக்கப் படுக்கவைத்து, அழுத்தமான சமதளப் படுக்கையில், முகத்தருகே எதுவும் இல்லாமல் தூங்கவைப்பதுதான் பாதுகாப்பு. அமெரிக்காவில் தொட்டிலின் உள்பக்கம் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்புகளையும் சரிவான தூக்கப் படுக்கைகளையும் 2022இல் சட்டம் போட்டே நிறுத்தினார்கள். அங்கே நிறுத்தியவை இங்கே இணையக் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன.

தூளியைப் பற்றிக் கேட்பீர்கள். நானும் தூளியில் வளர்ந்தவள்தான், என் பிள்ளைகளும் அப்படித்தான். பருத்திச் சேலையில் அம்மா வாசனையோடு ஆடித் தூங்கும் சுகத்துக்கு எந்த எலெக்ட்ரிக் தொட்டிலும் ஈடாகாது. அந்த ஆயிரங்களை மிச்சம் பிடியுங்கள். ஆனால் தூளியில் முதுகு வளைந்து முகவாய் நெஞ்சில் முட்டும். கழுத்து நிற்காத குழந்தைக்கு அதனால் மூச்சு அடைபடலாம். முதல் மூன்று மாதமும் அம்மாவுக்குப் பக்கத்தில் தனி விரிப்பில் படுக்கட்டும். அப்புறம் பகலில், யாராவது கண் பார்வையில் இருக்கும்போது தூளி. அகலமாக விரித்துப்பிடிக்கும் தொட்டில் கம்பு போடுங்கள், கொக்கியை ஒரு முறை பெரியவர் ஒருவர் தொங்கிப் பார்க்கட்டும். எழுந்து உட்காரப் பழகிவிட்டால் அவிழ்த்துவிடுங்கள். அண்ணன் அக்காமார் அதில் ஏறி முறுக்கி விளையாடாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை. கழுத்தில் சேலை இறுகி உயிர்போன செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்.

குடை மாதிரி மடக்கும் கொசுவலைக்கு மட்டும் யோசிக்கவே வேண்டாம். டெங்கு போகாத ஊரில் இருக்கிறோம்; இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்குக் கொசு விரட்டும் களிம்பு பூசக் கூடாது. வலைதான் ஒரே வழி.

இனி பால். பட்டியலில் முதலில் இருந்ததே பால்புட்டிதான். இந்தியாவில் 1992இல் ஒரு சட்டம் வந்தது, 2003இல் அதை இன்னும் இறுக்கினார்கள். குழந்தைகளுக்கான பால்மாவு, பால்புட்டி, இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான டப்பா உணவு, இவற்றுக்கு விளம்பரம் செய்யக் கூடாது. இலவச மாதிரி கொடுக்கக் கூடாது. பால்மாவு டப்பாவில் குழந்தைப் படம்கூடப் போடக் கூடாது. விளம்பரத்தையே சட்டம் தடுத்து வைத்திருக்கிற பொருளைப் பிறப்பதற்கு முன்பே ஏன் வாங்க வேண்டும்? வீட்டில் புட்டி இருந்தால், நடுராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழும்போது கை அதற்குத்தான் போகும். புட்டி ஒன்று வந்தால் அதன் பின்னாலேயே ஸ்டெரிலைசர், வார்மர், கழுவும் பிரஷ், உலர்த்தும் தட்டு எல்லாம் வரிசையாக வரும்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். சித்திரை வெயிலிலும் அப்படித்தான். தாய்ப்பாலிலேயே தண்ணீர் இருக்கிறது. சிலருக்குப் பால் ஊற நாளாகும், சிலருக்கு உடல்நிலை ஒத்துழைக்காது, குறைமாதக் குழந்தைக்கு உறிஞ்சப் பலம் இருக்காது. அப்போது மருத்துவர் சொல்லிப் பால்மாவு கொடுப்பதில் எந்தத் தாழ்வும் இல்லை; அந்தத் தாயை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அந்த நிலையிலும் புட்டிக்கு முன் நம் வீட்டுப் பாலாடையை நினைத்துப் பாருங்கள். சிலர் சங்கு என்பார்கள். மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணம் இந்தியாவின் பல பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இன்றும் பயன்படுகிறது. மருத்துவ இதழ்களில் பாலாடையைக் கோப்பையோடும் புட்டியோடும் ஒப்பிட்ட ஆய்வுகள் உண்டு. அங்கும் அதற்குப் பாலாடை என்றே பெயர். மூலை முடுக்கு இல்லாததால் கழுவுவது எளிது, ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கவைத்தால் முடிந்தது. குழந்தையைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்து, வாயின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, விழுங்கிய பிறகே அடுத்தது. மூக்கைப் பிடித்து ஊற்றும் பழைய பழக்கம் மட்டும் கூடவே கூடாது, புரையேறிவிடும்.

வேலைக்குத் திரும்பும் அம்மாவுக்குப் பால் எடுக்கும் பம்ப் நல்ல முதலீடு. ஆனால் அதற்கும் அவசரமில்லை. 2017 திருத்தத்துக்குப் பின் பேறுகால விடுப்பு 26 வாரம். திரும்புவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது வாங்கிப் பழகினால் போதும்.

பூச்சு, மருந்து வகையறாவில் வாங்க வேண்டியது ஒரே ஒரு பொருள், டிஜிட்டல் தெர்மாமீட்டர். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் அப்போதே மருத்துவரிடம் ஓட வேண்டும். கையை நெற்றியில் வைத்து அதைச் சொல்ல முடியாது. பவுடர் வேண்டாம், அதன் துகள் மூச்சுக்குழலுக்குப் போகும். கடையில் விற்கும் கண்மை வேண்டாம். பலவற்றில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. திருஷ்டிக்கு வைத்தே தீர வேண்டுமென்றால் உள்ளங்காலில் வீட்டு மையால் ஒரு பொட்டு வைத்துப் பாட்டி மனதைக் குளிரவையுங்கள். கிரைப் வாட்டரும் உரைமருந்தும் ஆறு மாதத்துக்குள் எதற்கும் வேண்டாம். தேன் ஒரு வயதுவரை வேண்டாம், அதில் வரக்கூடிய ஒரு வகைக் கிருமி சின்னக் குழந்தையின் நரம்பைத் தாக்கும். தொப்புள்கொடியில் மஞ்சள், எண்ணெய், சாம்பல் எதுவும் வைக்காமல் காய விடுங்கள், தானாக விழும். மருத்துவர் எழுதிக்கொடுக்கும் வைட்டமின் டி சொட்டு மருந்தை மட்டும் மறக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவிப் பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்டட்டும், காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடாமல்.

பட்டியலின் கடைசியில் வாக்கர். சக்கரம் வைத்து நடுவில் உட்காரவைக்கிறோமே, அது. கனடா 2004இல் இதை விற்பதையே தடை செய்துவிட்டது. படியில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகள் ஏராளம் என்பதுதான் காரணம். நடையையும் அது சீக்கிரம் வரவைப்பதில்லை. யாராவது பரிசாகக் கொடுத்தாலும் பரணில் போட்டுவிடுங்கள். நம்முடைய மர நடைவண்டி வேறு. குழந்தை தானே எழுந்து நின்று, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிற வண்டி. தன் காலில் நின்ற பிறகு அதை வாங்கிக் கொடுங்கள். மூன்று சக்கரமும் சத்தமும் போதும், வேறு பொம்மை தேட மாட்டார்கள்.

ஸ்ட்ரோலர் உங்கள் தெருவைப் பொறுத்தது. நடைபாதை இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் உபயோகமாகும், திண்டுக்கல் கடைவீதியில் தள்ளவே முடியாது.

காசு செலவழிக்கச் சொல்லி நான் வற்புறுத்துகிற ஒரு பொருள் உண்டு. கார் வைத்திருப்பவர்கள் குழந்தை இருக்கை வாங்குங்கள். "மடியில வச்சுக்கிட்டா பத்திரமா இருக்கும்" என்று நம் வீடுகளில் நம்புகிறோம். பிரேக் அடித்தால் அந்த வேகத்தில் எந்தத் தாயின் பிடியும் நிற்காது. பச்சைக் குழந்தையைப் பின்சீட்டில், பின்பக்கம் பார்த்தபடி பொருத்தும் இருக்கையில் வைக்க வேண்டும். ஏர்பேக் இருக்கும் முன்சீட்டில் ஒருபோதும் கூடாது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், குழந்தையைப் பாதுகாப்பாகப் பொருத்தாமல் கார் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. இரண்டு சக்கர வண்டிக்கும் விதி இருக்கிறது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயதுவரை குழந்தைக்கு ஹெல்மெட்டும் ஓட்டுநரோடு இணைக்கும் பாதுகாப்பு வாரும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரி முதல் நடைமுறை. தெருவில் நூறு பேரில் ஒருவர்கூட அதைப் போட்டு நான் பார்த்ததில்லை, அதனால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

இப்படி நீக்கியதில் தங்கைக்குப் பெருந்தொகை மிச்சம். அதை என்ன செய்வது என்று கேட்டாள். உனக்குச் செலவழி என்றேன். சிசேரியன் ஆனால் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுக்க முதுகு தாங்கும் நல்ல நாற்காலி. பாத்திரம், துணி, கூட்டிப் பெருக்கல் இவற்றுக்குக் குறைந்தது இரண்டு மாதம் ஓர் ஆள். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, பேரனையோ பேத்தியையோ கொஞ்சவும் வேண்டும், சமைக்கவும் வேண்டும் என்றால் அவரால் முடியாது. பத்தியம் என்று தண்ணீரையும் காய்கறியையும் பழத்தையும் குறைக்காத சாப்பாடு. மாப்பிள்ளையிடம் தனியாக ஒன்று சொன்னேன்: ராத்திரி துணி மாற்றுவது, ஏப்பம் விடவைப்பது உங்கள் வேலை, அவள் இரண்டு வாரத்துக்கு மேல் காரணமில்லாமல் அழுதுகொண்டே இருந்தாலோ, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல் கிடந்தாலோ, "எல்லாருக்கும் வர்றதுதான்" என்று விடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பிள்ளை பார்க்கப் போகிற சொந்தக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூன்று மாதக் கவுன் இன்னொன்று வேண்டாம்; அது ஏற்கெனவே பத்து வந்திருக்கும். துணிதான் கொடுப்பேன் என்றால் ஒரு வயது அளவில் கொடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு தூக்குங்கள், முத்தம் வேண்டாம், சளி இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். வருவதற்கு முந்தின நாள் ஃபோன் செய்து, குழந்தைக்கு என்ன வேண்டும் என்று கேட்பதற்குப் பதிலாக, "உனக்கு என்னம்மா செஞ்சு எடுத்துட்டு வரட்டும்?" என்று அந்தப் பெண்ணிடம் கேளுங்கள்.